பட்டியில் ஊசித்துளை, டேப்பில் கொப்புளம்: வாசகர் கேள்வி பதில்

ஜிப்சம் போர்டு தடுப்பும் ஃபால்ஸ் சீலிங்கும் பெருகப் பெருக, போர்டும் போர்டும் சேரும் ஜாயின்டுகளில் குமிழ் வருகிறது என்ற கடிதங்களும் பெருகிவிட்டன. இந்த முறை புதுச்சேரி, கடலூர் பக்கத்திலிருந்து வந்தவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டோம். எல்லோரும் ‘குமிழ்’ என்றே எழுதியிருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

கேள்வி: மாடியில் ஓர் அறையை ஜிப்சம் போர்டு வைத்துத் தடுத்தோம். ஜாயின்டை மூட, வாளியில் கலந்தே வரும் பட்டியான ரெடிமிக்ஸ் காம்பவுண்டு போட்டார்கள். இரண்டாவது கோட் காய்ந்ததும் ஜாயின்ட் நெடுகக் கடுகளவு ஓட்டைகள். போர்டு மட்டமான சரக்கு என்கிறார் பெயின்டர். போர்டை மாற்ற வேண்டுமா? (முத்தியால்பேட்டை)

பதில்: வேண்டாம். போர்டில் கோளாறு இருந்தால் அதன் நடுவிலும் மேலே ஒட்டியிருக்கும் தாள் உப்பித் தெரியும். ஜாயின்டின் மேல் மட்டும் வரிசை கட்டி நிற்காது. உங்கள் வீட்டில் வந்திருப்பது காம்பவுண்டுக்குள் சிக்கிய காற்று. அது சிக்குவதற்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, கலக்கும்போது. ரெடிமிக்ஸ்தானே, கலக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். வாளியில் வருவது கெட்டியாக இருக்கும், மேலே கொஞ்சம் நீர் பிரிந்து நிற்கும். அதைக் கலந்துதான் ஆக வேண்டும். இதற்குக் கைக்குக் கிடைத்த டிரில் மிஷினில் கலக்கியை மாட்டி முழு வேகத்தில் ஓட விடுகிறார்கள். சுவரில் ஓட்டை போடும் சாதாரண மிஷின் நிமிடத்துக்கு 2,500 சுற்று வரை போகும். காம்பவுண்டுக்கு 400 சுற்றே போதும். வேகம் கூடினால் நடுவில் சுழி விழும். அந்தச் சுழி காற்றை இழுத்து உள்ளே அடைத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கலக்கியை மேலும் கீழும் தூக்கி இறக்குவது அதைவிட மோசம். கலக்கியின் தலை மூழ்கிய பிறகு ஸ்விட்சைப் போடுங்கள், சுற்று நின்ற பிறகு வெளியே எடுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் கலக்கினால் போதும். பிறகு வாளியைத் தரையில் நாலைந்து தட்டு தட்டி, மூடி, கால் மணி நேரம் வைத்துவிடுங்கள். வேகத்தைக் குறைக்க முடியாத மிஷின் என்றால் அதை ஓரம் வைத்துவிட்டு, தட்டையான கட்டையால் கையால் கலக்குவதே மேல்.

தண்ணீர் அளவும் இதில் சேர்ந்தது. ஜாயின்டை மூடும் டேப்பை ஒட்டும் முதல் கோட்டுக்கு வாளியில் இருக்கிற கெட்டியே சரி. அடுத்த கோட்டுகளுக்கு 20 கிலோ வாளிக்குக் கால் லிட்டரில் ஆரம்பியுங்கள். அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பட்டி பூசும் பிளேடில் எடுத்துச் சாய்த்தால் தடதடவென்று வழியாமல் மெல்ல நழுவ வேண்டும். கெட்டியாக இருந்தால் பிளேடு இழுக்கிற இழுப்பில் மேல்பரப்பு கிழிந்து அங்கே காற்று புகும். நீர்த்துப் போனால் காயும்போது சுருங்கி வெடிக்கும்.

இரண்டாவது வழி, பூசும்போது. காய்ந்த முதல் கோட் முழுக்க நுண்துளைகள், துளைகளில் காற்று. அதன் மேல் ஈரமாகப் பூசியதும் துளைகள் நீரை உறிஞ்சும், உள்ளே இருந்த காற்று வெளியே தள்ளப்படும். அது மேலே வந்து வெடிக்கும் நேரத்தில் காம்பவுண்டு இளகலாக இருந்தால் குழி தானே மூடிக்கொள்ளும். இறுகத் தொடங்கியிருந்தால் குழி குழியாகவே நின்றுவிடும். உங்களுக்கு முதல் கோட்டில் வராதது இரண்டாவது கோட்டில் வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே ஒரே தடவையில் கனமாக ஏற்றக்கூடாது. பூசும்போது பிளேடைச் சாய்த்துப் பிடித்து அழுத்தி ஓர் இழுப்பு; ஐந்து பத்து நிமிடம் கழித்து ஈரப் பளபளப்பு மங்கும் நேரத்தில் பிளேடைச் சற்று நிமிர்த்தி, எதிர்த்திசையில் இன்னோர் இழுப்பு. துளையை மூடுவது இந்த இரண்டாவது இழுப்புதான். அவசரத்தில் விட்டுப்போவதும் இதுதான். ஒரு கோட்டின் கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அகலம் முதல் கோட்டுக்கு 6 அங்குலம், அடுத்ததற்கு 10, கடைசிக்கு 12.

இப்போது இருக்கும் ஓட்டைகளுக்கு: 150 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிழிந்த ஈரத்துணியால் தூசியைத் துடையுங்கள். இளக்கிய காம்பவுண்டை 10 அங்குல பிளேடால் அழுத்திப் பூசி, பூசிய கையோடு ஏறக்குறைய முழுவதையும் வழித்தெடுத்துவிடுங்கள். துளைக்குள் போனது மட்டும் மிஞ்ச வேண்டும். காய்ந்ததும் இன்னொரு முறை. ப்ரைமரும் பெயின்டும் துளையை அடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஜன்னல் பக்கமிருந்து வெளிச்சம் சாய்வாக விழும்போது ஒவ்வொரு துளையும் நிழலோடு தெரியும்.

கேள்வி: பேப்பர் டேப் ஒட்டி இரண்டு கோட் போட்ட பிறகு ஆங்காங்கே டேப் தூக்கிக்கொண்டு விரல் நீளத்துக்குக் கொப்புளம். தட்டினால் ‘டொக் டொக்’ என்கிறது. எல்லாவற்றையும் பிய்க்காமல் சரி செய்ய வழி உண்டா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: உண்டு. தட்டிப் பார்த்து வெற்றுச் சத்தம் வரும் இடத்தையெல்லாம் முதலில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகமாக இருக்கும்.

வட்டம் இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் கூரான பிளேடால் நடுவில் கீறி, ஒட்டாமல் நிற்கும் தாளை மட்டும் வெட்டியெடுங்கள். குழியை, தண்ணீரில் கலந்ததும் தானே இறுகும் ஜிப்சம் பவுடர் காம்பவுண்டால் அடைத்து, இறுகியதும் சுற்றிலும் 10 அங்குல அகலத்துக்கு மெல்லிய கோட் ஒன்று கொடுத்து மட்டம் பார்த்தால் முடிந்தது. சிலர் ஊசி சிரிஞ்சில் பசை ஏற்றி அமுக்கிவிடுவார்கள். பொட்டளவு கொப்புளத்துக்கு அது நிற்கும். விரல் நீளத்துக்கு நிற்பதில்லை. கடற்கரைக் காற்றில் பசை இளகி மறுபடி எழும்பும்.

விரல் நீளம், அதற்கு மேல் என்றால் கொப்புளத்தின் இரு முனையிலும் குறுக்காக வெட்டி, டேப் இறுக்கமாகப் பிடித்திருக்கும் இடம் வரை உரித்தெடுங்கள். பழைய காம்பவுண்டைச் சுரண்டி, தூசி துடைத்து, புதிய டேப் துண்டை அளந்து வெட்டி ஒட்டுங்கள். பழைய டேப்பின் மேல் ஏறாமல் முனையோடு முனை முட்டி நிற்க வேண்டும். ஏறினால் மேடு தட்டும். அதை மறைக்கக் காம்பவுண்டை ஏற்றி ஏற்றி இன்னும் பெரிய மேடாக்குவீர்கள். ஒரே ஜாயின்டில் மூன்று நான்கு கொப்புளம் என்றால் யோசிக்காமல் அந்த டேப்பை முழுதாக இழுத்துவிடுங்கள். ஒட்டுப்போட்டு முடிப்பதைவிட அது சீக்கிரம் ஆகும்.

இது ஏன் வந்தது? டேப்புக்குக் கீழே காம்பவுண்டு இல்லை, அவ்வளவுதான். ஜாயின்டில் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு இடைவெளி விடாமல் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே 2 அங்குல பேப்பர் டேப்பை வைத்து, நடுவிலிருந்து இரு முனை நோக்கி பிளேடால் அமுக்கி இழுக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் காம்பவுண்டு தொடர்ந்து பிதுங்கி வருகிறதா என்று பாருங்கள். எந்த இடத்தில் பிதுங்கவில்லையோ அங்கே கீழே வெறும் காற்று. அப்போதே டேப்பைத் தூக்கி இன்னும் கொஞ்சம் வைத்தால் வேலை முடிந்தது. வலுவாக வழித்து எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடுவதும் தப்பு. டேப்புக்கு அடியில் அரை மில்லிமீட்டராவது தங்க வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் காய்ந்த டேப் காம்பவுண்டின் நீரை உறிஞ்சிவிடும். ஒட்டும் முன் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, விரலிடுக்கில் வழித்துவிட்டு ஒட்டுங்கள்.

போர்டுகளுக்கு இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் டேப்புக்கு முன்னால் பவுடர் காம்பவுண்டால் அடைத்து இறுக விட வேண்டும். டேப் அந்தரத்தில் நின்றால் கொப்புளம் நிச்சயம்.

பசையோடு வரும், வலை போன்ற மெஷ் டேப் போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பீர்கள். கொப்புளம் வராது, உண்மை. ஆனால் பேப்பர் டேப்பின் பிடிப்பு அதற்குக் கிடையாது. அதன் மேல் முதல் கோட் தானே இறுகும் காம்பவுண்டாக இருந்தால்தான் விரிசல் விடாமல் நிற்கும். ரெடிமிக்ஸை நேரடியாக மெஷ் டேப்பில் போடுவது வெடிப்பை வரவழைப்பது.

கேள்வி: பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் குமிழ் வராது என்கிறார்களே? (நெல்லிக்குப்பம்)

பதில்: கொஞ்சம் உதவும். நீரின் பரப்பு இழுவிசை குறைவதால் காம்பவுண்டு நன்றாகப் படியும், குமிழ் எளிதில் உடையும். 5 கிலோவுக்கு நாலைந்து சொட்டு, கடைசிக் கோட்டில் மட்டும், கையால் கலக்கி. டேப் ஒட்டும் கோட்டில் வேண்டாம், பிடிப்பு குறையும். சோப்பு ஊற்றிவிட்டு மிஷினால் கடைந்தால் நுரைதான் கிடைக்கும்.

கேள்வி: கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. ஜாயின்டுக்குப் பவுடர் காம்பவுண்டு கலக்கினால் பத்து நிமிடத்தில் கட்டியாகிறது. தண்ணீர் விட்டு மறுபடி கலக்கிப் பூசினால் குமிழும் பொருக்குமாக இருக்கிறது. போர் தண்ணீர்தான் பயன்படுத்துகிறோம். (தேவனாம்பட்டினம்)

பதில்: உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஜிப்சம் பவுடர் நீரோடு சேர்ந்து படிகமாகி இறுகுகிறது. கடலோரப் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு அந்த இறுகலை விரைவுபடுத்தும். பின்னால் சுவரில் பூப்பதும் அதே உப்புதான். குடிக்கிற தண்ணீரில் கலக்குங்கள். இரண்டாவது சந்தேகம் வாளி. போன தடவை இறுகிய துணுக்கு ஒட்டியிருந்தால், புதுக் கலவை அதைப் பிடித்துக்கொண்டு சட்டென்று இறுகும். ஒவ்வொரு கலவைக்கும் வாளி, கலக்கி, பிளேடு மூன்றும் கழுவப்பட்டிருக்க வேண்டும்.

இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டு இளக்குவதைக் கைவிடுங்கள். உருவான படிகம் உடைந்துபோய்விடும், மறுபடி சேராது. காய்ந்ததும் விரலால் சுரண்டினால் மாவாக உதிரும். அந்தக் கலவை குப்பைக்குத்தான்.

கலக்கும் முறை: முதலில் தண்ணீர், பிறகு பவுடர். பவுடரின் மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் உலர்ந்த கட்டிகள் நிற்கும், ஒவ்வொரு கட்டிக்குள்ளும் காற்று. பவுடரைத் தூவி, இரண்டு நிமிடம் அது தானே ஊறி மூழ்க விட்டு, பிறகு கையால் மெதுவாகக் கலக்குங்கள். இட்லி மாவுப் பதம். பையில் 45 நிமிடம் என்று போட்டிருந்தாலும் ஒரு தடவைக்கு 2 கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். இதை ரெடிமிக்ஸ் போலக் கால் மணி நேரம் வைத்துக் காற்றை வெளியேற்ற முடியாது. அதனால்தான் கலக்கும்போதே நிதானம் தேவைப்படுகிறது.

மூட்டை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பிரித்த மூட்டை உங்கள் ஊர்க் காற்றில் நாலு நாள் கிடந்தால் ஈரம் குடித்துக் கட்டி தட்டும். பலகையின் மேல், சுவரைத் தொடாமல், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வையுங்கள். கட்டி தட்டியதைச் சலித்துப் பயன்படுத்தலாமா என்றால், கூடாது.

கேள்வி: பழைய ஆயில் பெயின்ட் சுவரின் மேல் காம்பவுண்டு இழுத்து மழமழப்பாக்கப் பார்த்தோம். எவ்வளவு நிதானமாகக் கலக்கினாலும் குமிழ். (லாஸ்பேட்டை)

பதில்: ஆயில் பெயின்ட் நீரை உறிஞ்சாது. காம்பவுண்டின் நீர் ஒரு பக்கமாகத்தான் வெளியேற முடியும். ஈரம் வெகு நேரம் நிற்கும். சுவரின் சின்னச் சின்னப் பள்ளங்களில் அடைபட்ட காற்றுக்கும் பின்னால் போக இடம் இல்லாததால் முன்னால் வருகிறது. 100 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை தேய்த்து, சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, ஒரு நாள் காய விடுங்கள். வழுவழுப்பான பரப்புக்கென்று விற்கும் பிடிப்பு ப்ரைமர் ஒரு கோட். அதன் மேல் முதல் கோட் பெயருக்குத்தான்: அழுத்திப் பூசி முழுவதும் வழித்துவிட வேண்டும், பழைய நிறம் ஊடாகத் தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். அதில் குமிழ் வரும், வரட்டும். காய்ந்த பிறகு போடும் இரண்டாவது கோட் அந்தக் குழிகளை நிரப்பும். உறிஞ்சும் தளமும் கிடைத்துவிடும்.

ஆயில் பெயின்டுக்குக் கீழே நீரில் ஊறும் பழைய பூச்சான டிஸ்டெம்பர் இருக்கிறதா என்றும் ஒரு மூலையில் சுரண்டிப் பாருங்கள். இருந்தால் மேலே செய்வதெல்லாம் வீண். ஈரம் பட்டதும் டிஸ்டெம்பர் ஊறி, எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிவிடும். சிமெண்ட் பூச்சு தெரியும் வரை சுரண்டத்தான் வேண்டும்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைச் செய்யலாமா? (பரங்கிப்பேட்டை)

பதில்: செய்யலாம், பொறுமை இருந்தால். ரெடிமிக்ஸ் நீர் ஆவியானால் மட்டுமே இறுகும். உலர்ந்த காலத்தில் ஒரு நாள் பிடிக்கும் கோட், காற்றில் ஈரம் 90 சதவீதத்தைத் தொடும் அடைமழை நாட்களில் இரண்டு மூன்று நாள் இழுக்கும். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும்போது அடுத்த கோட் போட்டால், அடைபட்ட நீர் வெளியேற வழி தேடிக் கொப்புளமாகும். ஈரமான இடம் சாம்பல் நிறமாகத் தெரியும், புறங்கையை வைத்தால் சில்லென்றிருக்கும். முழுவதும் ஒரே வெள்ளையாகி, சில்லிப்பு போன பிறகுதான் அடுத்தது.

பெடஸ்டல் ஃபேனை நேரே ஜாயின்டின் முகத்துக்கு வைக்காதீர்கள். மேலே தோல் கட்டிவிடும், உள்ளே காயாது. அறைக் காற்று சுழலும்படி எதிர்ச்சுவரைப் பார்த்து வையுங்கள். மழை கொட்டும்போது ஜன்னலைத் திறந்து வைப்பதில் பயனில்லை. ஏசி இருந்தால் ‘டிரை’ முறையில் ஓட்டுவது நல்ல உபாயம். முதல் இரண்டு கோட்டையும் தானே இறுகும் பவுடரில் முடித்துக்கொண்டால் மழை அவ்வளவாகத் தடுக்காது. அவசரம் இல்லையென்றால் தை பிறக்கட்டும்.

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் தடுப்புச் சுவர் ஓர் அடி உயரத்துக்கு நனைந்தது. காய்ந்த பிறகு பட்டி போட்டோம். போட்ட இடமெல்லாம் உப்புகிறது. (பாகூர்)

பதில்: பட்டியைக் குறை சொல்ல இடமில்லை. 2024 நவம்பர் 30 அன்று புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை; அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் உங்கள் பக்கம் வேறு. அவ்வளவு நேரம் நீரில் நின்ற ஜிப்சம் போர்டில் தாளுக்கும் உள்ளிருக்கும் ஜிப்சத்துக்கும் பிடிப்பு போய்விடும். காய்ந்தாலும் திரும்ப வராது. நீங்கள் பூசும் ஒவ்வொரு ஈரக் கோட்டும் அந்தத் தாளை மறுபடி தூக்குகிறது. பின்பக்கம் பூஞ்சையும் இருக்கும்.

தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு மேல் ஓர் அடி விட்டு, நேர்க்கோடாக வெட்டியெடுங்கள். உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் துருவைத் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். கீழ்ப் பகுதிக்கு ஜிப்சத்துக்குப் பதில் சிமெண்ட் ஃபைபர் போர்டு போடுவது உங்கள் ஊருக்குப் பொருத்தம். எதைப் போட்டாலும் தரையைத் தொடாமல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சுவரின் அடியில் ஓடும் பட்டையால் (ஸ்கர்ட்டிங்) மறையுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்து வீடு, செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். வெள்ளை சிமெண்ட் பட்டி போட்டு எமல்ஷன் அடித்தோம். ஒரு மழைக்குள் உள்ளங்கை அகலக் கொப்புளங்கள். உடைத்தால் உள்ளே வெள்ளை உப்பு. (ஒயிட் டவுன், புதுச்சேரி)

பதில்: இது காற்றுக் குமிழ் அல்ல, ஓதம். தரையிலிருந்து உப்போடு ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு ஆவியாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. பட்டியும் எமல்ஷனும் சேர்ந்து அந்த வாசலை அடைத்துவிட்டன. ஈரம் பட்டிக்குப் பின்னால் நின்று, உப்பு அங்கேயே படிகமாகி, பட்டியைத் தள்ளுகிறது. கொப்புளத்தை வெட்டி அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வரும்.

பட்டியை முழுவதும் சுரண்டிச் சுண்ணாம்பு வரை போங்கள். உப்பை உலர்ந்த பிரஷால் துடைத்து அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். ஒரு கோடை முழுக்கக் காய விட்டு, நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பையே மெல்லிய கோட்டுகளாகப் பூசி, மேலே வெள்ளையடியுங்கள். அந்தச் சுவரில் ஜிப்சம் காம்பவுண்டும் ஆகாது, ஈரத்தில் இளகிவிடும்.

கேள்வி: பட்டி வேலை சுத்தமாக முடிந்தது. பெயின்ட் ரோலர் போனதும் ஜாயின்டின் மேல் மட்டும் குமிழ்கள் எழும்புகின்றன. (வில்லியனூர்)

பதில்: ப்ரைமர் விட்டுப்போயிருக்கும், அல்லது தேய்த்த தூசியின் மேலேயே அடித்திருப்பார்கள். ரெடிமிக்ஸ் காய்ந்த பிறகும் நீரில் இளகும் சரக்கு. பெயின்டின் நீர் அதை ஊறவைத்து மேல்தோலைத் தூக்குகிறது. உடனே சுரண்டாமல் ஒரு நாள் விட்டுப் பாருங்கள்; சிறியவை காயும்போது தாமே படிந்துவிடும். படியாதவற்றைச் சுரண்டி, 180 நம்பர் தாளால் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் ப்ரைமர். அந்த இடங்களுக்கு மட்டும் ஆயில் ப்ரைமர் வாங்கினால் மறுபடி ஊறாது. தேய்க்கும்போது மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

குமிழ் ஜாயின்டில் மட்டும் இல்லாமல் சுவர் முழுக்க ஊசிமுனை அளவில் வந்தால் அது ரோலரை வேகமாக உருட்டியதால் எழுந்த நுரை. மெதுவாக உருட்டச் சொல்லுங்கள்.